மீசைக்காரரும் முடியாத தொடரும்

1941 ஏப்ரல் 3. ஹிட்லர் பாதி ஐரோப்பாவை விழுங்கி ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த நேரம். வட ஜெர்மனியில் கீல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிரெடன்பெக் என்றொரு சின்ன ஊர். அங்கே குடேகாஸ்ட் வீட்டில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஹான்ஸ் யோர்க் குடேகாஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு பையன் ஹாலிவுட்டில் கதாநாயகனாக முடியாது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஹாலிவுட்டுக்காரர்கள் அப்போது ஜெர்மானியர்களை வேறு காரணத்துக்காகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கீல், நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் ஊர். ஆகவே பிரிட்டிஷ் விமானங்கள் அடிக்கடி வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். விசாரித்த இடத்தில் சுவர் மிஞ்சாது. போர் முடிந்தபோது ஹான்ஸுக்கு நாலு வயது. அப்பா ஒரு காலத்தில் ஊருக்கே மேயராக இருந்தவர். பையனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அவர் இறந்துபோனார். மேயர் மகன் என்ற கௌரவம் மட்டும் வீட்டில் மிச்சம், சட்டியில் ஒன்றும் மிச்சமில்லை.

ஹான்ஸுக்கு ஒரு திறமை இருந்தது. எதைக் கையில் கொடுத்தாலும் தூரமாக எறிவார். வட்டு, ஈட்டி, குண்டு மூன்றிலும் கெட்டி. 1958இல் ரெண்ட்ஸ்பர்க் விளையாட்டுச் சங்கத்தின் சார்பில் ஜெர்மன் இளையோர் குழுப் பட்டத்தையே வென்றார்கள். பின்னாளில் அவர் ஆகப்போவது டிவி வில்லன்; அந்த வில்லன்கள் மாதம் ஒரு முறையாவது கண்ணாடி டம்ளரைச் சுவரில் விட்டெறிய வேண்டியிருக்கும் என்பதால், இது ஒருவகையில் முன்கூட்டியே எடுத்துக்கொண்ட தொழிற்பயிற்சி.

1959இல், பதினெட்டு வயதில், அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஜெர்மன் பையன்கள் தலைமுறை தலைமுறையாக கார்ல் மே எழுதிய கௌபாய் கதைகளைப் படித்து வளர்கிறவர்கள். அந்த கார்ல் மே, அவற்றை எழுதியபோது அமெரிக்க மேற்குப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. போய்ப் பார்க்காமல் எழுதியதால்தான் அவ்வளவு அழகாக இருந்தது போலும். நேரில் போன ஹான்ஸுக்கு வாய்த்தது வேறு. முதலில் டெக்சஸில் கால்வெஸ்டன், உறவினர் ஒருவரின் நிழல். பிறகு மொன்டானாவில் ஒரு மாட்டுப் பண்ணை. கதையில் கௌபாய் குதிரை மேல் உட்கார்ந்து சூரியனைப் பார்ப்பான். பண்ணையில் அவனுக்கு மண்வெட்டியும் சாணமும்தான். அதன்பின் மிசூலாவில் உள்ள மொன்டானா பல்கலைக்கழகம். எறிகிற கைக்காக உதவித்தொகை கொடுத்தார்கள். பகலில் வகுப்பு, ராத்திரியில் மரம் அறுக்கும் ஆலை. தூக்கம் எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

அங்கிருந்து அவரைக் கிளப்பியது ஒரு அசட்டுத் துணிச்சல். ஐடஹோ மாநிலத்தில் சால்மன் என்றொரு முரட்டு ஆறு. போனால் திரும்ப முடியாத ஆறு என்பது அதற்குப் பட்டப்பெயர். 1960இல் ஹான்ஸும் சக மாணவர் ஒருவரும் அதில் படகில் கீழே போய், எதிர்நீரோட்டத்தில் மேலேயும் வந்து, அதைப் படமாகவும் எடுத்தார்கள். ஆறு விட்டுவிட்டது. அந்த ஆவணப்படத்தை விற்கலாம் என்று லாஸ் ஏஞ்சலஸ் போனார் பாருங்கள், அங்கிருந்துதான் அவர் திரும்பவே இல்லை.

அறுபதுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சியை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். போர் முடிந்து இருபது வருடம் ஆகியும் டிவியில் முடியவில்லை. 'காம்பாட்' மாதிரி தொடர்களில் வாராவாரம் ஜெர்மானியர்கள் செத்தாக வேண்டும். சாவதற்கு முன்னால் ஜெர்மன் உச்சரிப்பில் நாலு வார்த்தை அதட்டவும் வேண்டும். உள்ளூர் ஆட்களை வைத்து ஒப்பேற்றிப் பார்த்தார்கள்; அதட்டல் எடுபடவில்லை. அந்த நேரத்தில் ஓங்கு தாங்கான உடம்பு, அடிவயிற்றுக் குரல், கலப்படமில்லாத உச்சரிப்பு என்று சகல லட்சணங்களோடும் ஒருவர் வாசலில் வந்து நின்றால் விடுவார்களா? நாலு வயதுப் பையனாகத் தோற்றுப்போன போரில் அவரை மறுபடி மறுபடி தோற்கச் சொல்லிச் சம்பளமும் கொடுத்தார்கள்.

1966இல் ஏபிசி சானலில் 'தி ராட் பேட்ரோல்' வந்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனம். இரண்டு ஜீப்பில் நேச நாட்டு வீரர்கள் நாலே பேர். எதிரே தளபதி ரோமலின் படை, பீரங்கி வண்டிகள் சகிதம். ஜெயிப்பது ஜீப். ஜெர்மன் படையின் கேப்டன் ஹான்ஸ் டீட்ரிஷாக நம்ம ஹான்ஸ். இரண்டு வருடம், 58 அத்தியாயம். ஒவ்வொன்றிலும் அவருடைய லாரிகள் வெடித்துச் சிதறும். மறுவாரம் புது லாரிகளோடு, கசங்காத சீருடையில், நேற்று ஒன்றுமே நடக்காதது போல வந்து நிற்பார். இப்படியொரு ராணுவத் தளவாட ஏற்பாடு ரோமலுக்கு நிஜமாகவே இருந்திருந்தால் சரித்திரம் மாறியிருக்கும். பிபிசி இதை வாங்கி ஒளிபரப்பியபோது பிரிட்டிஷ் முன்னாள் வீரர்கள் கொதித்துப்போனார்கள். பாலைவனத்தில் உருண்டு புரண்டது நாங்கள், ஜீப்பில் வந்து ஜெயித்தது அமெரிக்கர்களா என்று ஒரே சண்டை. பிபிசி சில வாரங்களில் தொடரைத் தூக்கிவிட்டது. அதிகாரபூர்வமாக டீட்ரிஷுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பாத்திரத்தை அவர் கோமாளியாகவோ ராட்சசனாகவோ நடிக்க மறுத்தார். மனுஷனாக நடித்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது, அது சிரிப்பதற்கு உரியதில்லை. போருக்குப் பிந்திய ஜெர்மனியில் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் யூதர்களுக்கு நேர்ந்ததை யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் வந்த பிறகு ஒரு ஆவணப்படத்தில்தான் வதை முகாம்களை முதல்முறையாகப் பார்த்தார். பார்த்தவர் ஆடிப்போனார். அப்பா தலைமுறை மேல் வந்த கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. சும்மா கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் மக்கபீஸ் என்ற யூதர்களின் கால்பந்துக் குழுவில் சேர்ந்து, நெஞ்சில் தாவீதின் நட்சத்திரம் பொறித்த சட்டையோடு ஆடினார். 1973இல் அந்தக் குழு அமெரிக்க தேசியக் கோப்பையையே தூக்கியது. ஆக, திரையில் நாஜிப் படைச் சீருடை, மைதானத்தில் யூத நட்சத்திரம். இப்படி இரண்டு உடுப்பையும் ஒரே அலமாரியில் தொங்கவிட்ட வேறு ஆள் இருந்தால் தெரிவியுங்கள்.

'100 ரைஃபிள்ஸ்' படம் 1969இல் வந்தது. ராக்கல் வெல்ச், பர்ட் ரெனால்ட்ஸ், ஜிம் பிரவுன். கதை நடப்பது 1912இல், மெக்ஸிகோவில். நாஜியே பிறக்காத காலம், ஜெர்மானியரே இல்லாத ஊர், தப்பித்தோம் என்று நினைத்தீர்களா? தயாரிப்பாளர்கள் அங்கேயும் தேடிக் கண்டுபிடித்து ஒரு ஜெர்மன் லெப்டினன்ட் வேடத்தை அவருக்குக் கொடுத்தார்கள்.

பிறகு அடித்தது யோகம். யுனிவர்சல் நிறுவனம் 'கொலோசஸ்: தி ஃபார்பின் ப்ராஜெக்ட்' படத்துக்கு அவரைக் கதாநாயகனாகவே எடுத்தது. டாக்டர் ஃபார்பின், அமெரிக்க விஞ்ஞானி, சீருடை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை. யுனிவர்சலை ஆண்டுகொண்டிருந்த லூ வாஸர்மன், ஜெர்மன் பெயர் வைத்த ஆள் அமெரிக்கப் படத்தில் கதாநாயகனாக வர முடியாது என்று சொல்லிவிட்டார். பெயரை மாற்று, இல்லையேல் நடையைக் கட்டு. ஹான்ஸ் முதலில் முறுக்கிக்கொண்டார். பிறகு வீட்டு வாடகை என்ற ஞானம் வந்தது. குடும்பத்தில் புழங்கிய எரிக் என்ற பெயரை முன்னால் போட்டு, பிறந்த ஊரான பிரெடன்பெக்கை வெட்டிச் சீவிப் பின்னால் ஒட்டி, எரிக் பிரேடன் ஆனார். ஜெர்மன் பெயர் கூடாது என்றவர்களுக்கு ஒரு ஜெர்மன் கிராமத்தையே பெயராகக் கொடுத்துவிட்டு வந்தார் என்பதை வாஸர்மன் கவனிக்கவில்லை.

1970இல் படம் வெளியானது. அணு ஆயுதங்கள் அத்தனையையும் ஒரு ராட்சசக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கிறார்கள். அது சோவியத் கம்ப்யூட்டரோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு உலகத்தையே மிரட்டுகிறது. உண்டாக்கியவரையே வீட்டுச் சிறையில் வைத்து, குடிக்கிற மார்ட்டினி வரை கண்காணிக்கிறது. இன்றைக்கு யாராவது இந்தக் கதையைச் சொன்னால் நிருபர்கள் மைக்கோடு ஓடிவருவார்கள். அன்றைக்கு ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள், படம் ஓடவில்லை. அடுத்த வருடம் 'எஸ்கேப் ஃப்ரம் த பிளானட் ஆஃப் த ஏப்ஸ்'. கதாநாயக அந்தஸ்து போய் மறுபடி வில்லன். பேசும் சிம்பன்சித் தம்பதியைத் துரத்தித் துரத்தி, தாய்க் குரங்கைச் சுட்டுக் கொல்லும் விஞ்ஞானி வேடம். அந்த விஞ்ஞானியின் பெயர் தெரியுமோ? ஓட்டோ ஹாஸ்லைன். ஹான்ஸை ஒழித்துவிட்டு வந்தவருக்கு ஓட்டோவைக் கட்டிவைத்தார்கள்!

எழுபதுகள் முழுக்கக் கௌரவ நாடோடி வாழ்க்கை. 'கன்ஸ்மோக்', 'ஹவாய் ஃபைவ்-ஓ', 'மேரி டைலர் மூர் ஷோ' என்று ஊரிலுள்ள எல்லாத் தொடரிலும் ஒருநாள் விருந்தாளி. வருவார், மிரட்டுவார், பிடிபடுவார், செக்கை வாங்கிக்கொண்டு போவார். டிஸ்னியின் பேசாத கார் ஹெர்பி நடித்த படத்திலும் பந்தயக்காரராக வந்தார். காருக்குத்தான் வேடம் பெரிது.

1980 பிப்ரவரி. சிபிஎஸ் சானலின் பகல் தொடரான 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்' அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாக நீண்டது. மீதி அரை மணியை நிரப்ப ஆள் வேண்டும். சில மாதத்துக்கு ஒரு கெட்ட பணக்காரன்; பெண்டாட்டியைப் படுத்துவான், பிறகு போய்ச் சேருவான். எரிக்கைக் கூப்பிட்டார்கள்.

இங்கே அமெரிக்க நடிகர்களின் வருணாசிரமத்தைச் சொல்ல வேண்டும். உச்சியில் சினிமா. அதற்குக் கீழே ராத்திரித் தொடர். பாதாளத்தில் பகல் தொடர். 1930இல் சிகாகோ வானொலியில் இர்னா ஃபிலிப்ஸ் என்ற அம்மையார் ஆரம்பித்து வைத்த வகை அது. துணி துவைக்கும் பெண்கள் கேட்டார்கள், சோப்புக் கம்பெனிகள் காசு கொடுத்தன, 'சோப் ஓபரா' என்று பெயரிலும் சோப்பு ஒட்டிக்கொண்டது. எரிக்கை அழைத்த வில்லியம் பெல், அந்த அம்மையாரிடமே தொழில் கற்றவர். மனைவி லீ ஃபிலிப் பெல்லோடு சேர்ந்து 1973இல் இந்தத் தொடரை உண்டாக்கினார். இவர்களுடைய இன்னொரு படைப்பு 'தி போல்ட் அண்ட் த பியூட்டிஃபுல்'. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்டார் டிவி புண்ணியத்தில் அது நம் வீடுகளுக்கும் வந்தது. குழந்தைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் பார்த்தார்கள், ஞாபகம் இருக்கும்.

கதை நடப்பது விஸ்கான்சின் மாநிலத்து ஜெனோவா சிட்டியில். நிஜத்தில் அது ஒரு குட்டி ஊர். பெல் தம்பதி கோடை விடுமுறைக்குப் போகிற வழியில் இருந்தது. தொடரிலோ அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு பன்னாட்டு நிறுவனம், எழுந்தால் ஒரு வாசனைத் திரவியக் கம்பெனி.

எரிக்குக்கு வேடத்தின் பெயர் விக்டர் நியூமன். வந்த வேகத்தில் பெண்டாட்டியின் காதலனைப் பிடித்து வீட்டுக்கு அடியில் இருந்த நிலவறையில் அடைத்துப் பூட்டினார். அமெரிக்கப் பெண்கள் திடுக்கிட்டார்கள். நியாயமாக டிவியை அணைத்திருக்க வேண்டும். மறுநாள் அரை மணி முன்னாலேயே வந்து உட்கார்ந்தார்கள். மிரட்டும் குரலும் மீசையும் அவர்களை ஏதோ செய்துவிட்டன. சாகவேண்டிய வில்லனைச் சாகடிக்க முடியாமல் பெல் திண்டாடினார். ஒப்பந்தத்தை நீட்டினார்.

எரிக்குக்குச் சலிப்புத் தட்டியது. சும்மா கெட்டவனாக இருந்துகொண்டே இருக்க எத்தனை நாள்தான் முடியும்? இவன் ஏன் இப்படி ஆனான் என்று சொல்லுங்கள் என்றார். பெல் யோசித்து ஒரு பூர்வகதை கொடுத்தார். விக்டர் உண்மையில் கிறிஸ்டியன் மில்லர். ஏழைத் தாய் சின்ன வயதிலேயே அநாதை விடுதியில் விட்டுப் போன பையன். தன்னந்தனியாக முன்னேறி, பழைய பெயரை உதறி, புதுப் பெயர் சூட்டிக்கொண்டவன். அந்தத் தாயாக டோரதி மெக்குவயர் என்ற பழம்பெரும் நட்சத்திரம் வந்து நடித்தார். அந்தப் பூர்வகதையில் நடித்தபிறகுதான் எரிக் இந்த வேலையில் தங்குவதென்று மனதைத் தேற்றிக்கொண்டார். பன்னிரண்டு வயதில் அப்பாவை இழந்து, பிழைப்புக்காகப் பெயரை மாற்றிய ஆளிடம் போய், இதோ உனக்கொரு கற்பனைப் பாத்திரம் என்று அவர் கதையையே கொடுத்திருக்கிறார்கள். அநாதை விடுதியில் வளர்ந்த அமெரிக்கப் பையனுக்கு ஜெர்மன் வாடை அடிக்கும் உச்சரிப்பு எப்படி வந்தது என்று மட்டும் நாற்பது வருடமாக ஜெனோவா சிட்டியில் ஒருத்தரும் கேட்கவில்லை. கோடீஸ்வரனிடம் யார் கேட்பார்கள்?

அதற்குப் பிறகு விக்டர் ஆடிய ஆட்டத்தைச் சுருக்கிச் சொல்வது கஷ்டம். நடன விடுதியில் ஆடை களைந்து ஆடிய நிக்கியைக் கரையேற்றி 1984இல் கல்யாணம் செய்துகொண்டார். நிக்கியாக நடிப்பவர் மெலடி தாமஸ் ஸ்காட். பிரிவதும் மறுபடி தாலி கட்டுவதும் அந்த ஜோடிக்குத் தீபாவளி பொங்கல் மாதிரி. தொண்ணூறுகளில் விக்டர் ஒருமுறை செத்துப்போனதாக ஊரே நம்ப, அவர் கான்சாஸில் பார்வையற்ற ஒரு பெண்ணின் பண்ணையில் நிம்மதியாக இருந்தார். 2012இல் ஷாரன் என்ற பெண்ணை மணந்தார். அந்த ஷாரன் ஏற்கெனவே விக்டரின் மகன் நிக்குக்கு மனைவி. பிறகு இன்னொரு மகன் ஆடமுக்கும் மனைவி. உறவுமுறை சொல்லி அழைக்கத் தமிழிலேயே சொல் இல்லை, ஆங்கிலம் என்ன செய்யும்! 2015இல் பரம விரோதி ஜாக் அபட்டை அப்புறப்படுத்திவிட்டு, அச்சாக அதே முகமுள்ள ஒரு போதை மருந்து வியாபாரியைக் கொண்டுவந்து அவர் இடத்தில் நிறுத்தினார். ஜாக்கின் காதலிக்கே ஆள் மாறியது தெரியவில்லை. ஆண்களைப் பெண்கள் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

ஆனால் சிகரம் 2009. விக்டருக்குத் துப்பாக்கிச் சூடு, இதயம் பழுது, உடனே மாற்று இதயம் வேண்டும். கிடைத்தது யாருடையது? அபட் குடும்பத்துப் பேத்தி கொலீனுடையது. முப்பது வருடமாக எந்தக் குடும்பத்தை அழிக்க அலைந்தாரோ, அந்தக் குடும்பத்து இதயம் அவர் மார்பில் துடித்தது. நம்மூர்த் தொடர்களில் மாமியார்க்காரி பாலில் விஷம் கலக்கவே ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறார்கள். கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அதே வருடம் நிஜத்திலும் ஒரு இதய அறுவை நடந்தது. பொருளாதாரம் படுத்துவிட்டது, விளம்பரம் குறைந்தது, 1937இலிருந்து வானொலியிலும் டிவியிலுமாக ஓடிய 'கைடிங் லைட்' இழுத்து மூடப்பட்டது. தயாரிப்பாளர்கள் எரிக்கின் சம்பளத்தில் கை வைத்தார்கள். விக்டர் நியூமனாக இருந்தால் கம்பெனியையே விலைக்கு வாங்கிப் பழிவாங்கியிருப்பார். எரிக் பிரேடன் நான் போகிறேன் என்று அறிவித்துப் பார்த்தார். சில வாரத்தில் குறைந்த சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நடித்தார். மீசையை முறுக்கிக்கொண்டு கோடிகளைப் பற்றி வசனம் பேச வேண்டியதும் அதே வாரத்தில்தான்.

நடுவில் அங்கீகாரங்களும் வந்தன. 1997இல் ஜேம்ஸ் கேமரூனின் 'டைட்டானிக்'கில் கப்பலிலேயே பெரிய பணக்காரரான ஜான் ஜேக்கப் ஆஸ்டராக வந்து, தண்ணீர் கொட்டும்போது தூணைப் பிடித்துக்கொண்டு விழி பிதுங்க நின்றார். உலகமே பார்த்த படம். அவரை மட்டும் பலர் பார்க்கவில்லை. 1998இல் பகல் தொடர்களுக்கான எம்மி விருது, 2007இல் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம். ஜெர்மன் அரசும் கூப்பிட்டுப் பதக்கம் கொடுத்தது, ஜெர்மன்-அமெரிக்க நல்லுறவுக்கும் யூதர்களோடான உரையாடலுக்கும் அவர் செய்த காரியங்களுக்காக. பெயரைத்தான் மாற்றினாரே ஒழிய ஊரை அவர் விடவில்லை. ஊரும் அவரை விடவில்லை.

என் அபிப்பிராயம் இது: பகல் தொடர் என்றால் மட்டம் என்கிற பேச்சை இந்த ஒரு ஆளை வைத்தே குப்பையில் போடலாம். சினிமா நடிகன் நாளைக்கு இரண்டு பக்கம் வசனம் பேசிவிட்டு வேனில் போய்ப் படுப்பான். தொடர் நடிகன் ஒரே நாளில் கற்றைக் கற்றையாக மனப்பாடம் செய்து, முதல் டேக்கிலேயே முடித்து, மறுநாள் காலை அத்தனையையும் மறந்துவிட்டு அடுத்த கற்றையை எடுக்க வேண்டும். வசனம் அபத்தமாக இருந்தாலும் முகம் நம்ப வேண்டும். மகனின் முன்னாள் மனைவியைக் கட்டிக்கொள்ளும் காட்சியில் சிரிக்காமல் நிற்பதற்கே தனி விருது கொடுக்கலாம். ஹாலிவுட் அவருக்குக் கொடுத்தது சாக வேண்டிய ஜெர்மானியன் வேலை. பகல் தொடர்தான் அவரை முழு மனிதனான ஒரு கெட்டவனாக இருக்க விட்டது.

2023இல், எண்பத்திரண்டு வயதில், தனக்கு சிறுநீர்ப்பை புற்றுநோய் என்று ஃபேஸ்புக்கில் நேரலையில் வந்து சொன்னார். வயதான ஆண்கள் கூச்சப்படாமல் டாக்டரிடம் போங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த ஆகஸ்டிலேயே நோய் போய்விட்டது என்றும் வந்து சொன்னார். இதற்கிடையில் ஜெனோவா சிட்டியில் விக்டர் பிள்ளைகளைச் சொத்திலிருந்து விலக்குவதும் சேர்ப்பதும் வழக்கம்போல நடந்துகொண்டுதான் இருந்தது.

அவர் நடிப்பைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து விக்டர் நியூமனில் தொடங்க வேண்டாம். அந்தத் தொடர் 2020இலேயே 12,000 அத்தியாயத்தைத் தாண்டிவிட்டது. உங்களுக்குப் பிள்ளை குட்டி இருக்கும். 'கொலோசஸ்' நூறே நிமிடம். அதைப் பாருங்கள்.